உன் ஸ்பீக்கர் என் வீட்டில் இருக்கிறது

உன் ஸ்பீக்கர் என் வீட்டில் இருக்கிறது. பாக்கார் ஆராங்கில் இருக்கும் என் வீட்டின் முன்னறையில், என் புத்தக அலமாரியை ஒட்டி, அங்கேயே பிறந்து வளர்ந்ததுபோல் நிற்கிறது. கீழே இரண்டு சக்கரம், இழுப்பதற்கு ஒரு நீளக் கைப்பிடி, முகத்தில் சிவப்பும் நீலமுமாக மாறி மாறி எரியும் வட்ட விளக்கு. கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் என்று போகுமிடமெல்லாம் ஆட்டுக்குட்டியை இழுத்து வருவதுபோல் இழுத்து வருவாயே, அதேதான்.

இன்று காலை தூசி தட்டப் போனேன். மைக்கின் தலையில் மாட்டியிருக்கும் பஞ்சை மூக்கருகே கொண்டு வந்துவிட்டேன். உன் இருமல் மிட்டாய் வாசனை. தொண்டையைச் செருமி, மிட்டாயைக் கன்னத்து ஓரம் ஒதுக்கி, "அனைவருக்கும் வணக்கம், செலாமாட் டாத்தாங், வெல்கம்" என்று மூன்று மொழியை ஒரே மூச்சில் கொலை செய்வாயே, அந்த வாசனை. தூசித் துணியைக் கீழே போட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இப்படி எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. நாம் பழகிய இத்தனை காலத்தில் முதல் முறையாக, நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே வர முடியாது. சனிக்கிழமை என் மகள் கயலின் கல்யாண விருந்தில் நடந்ததை உன்னிடம் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் உன்மேல் எனக்குள்ள மனக்குறைகளைச் சொல்லிவிடுகிறேன். அவை வரிசையில் முதலில் வந்தவை.

கோயில் மண்டபத்துப் பட்டிமன்றத்தை நான் மறக்கவில்லை. திரைப்பாடல் தமிழை வளர்க்கிறதா, கெடுக்கிறதா என்பது தலைப்பு. கெடுக்கிறது என்று பேச என்னைப் போட்டார்கள். பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்துவிட்டு வந்த ஆசிரியன் வேறு எந்தப் பக்கம் பேசுவான்? நூலகத்தில் உட்கார்ந்து வாரக்கணக்கில் குறிப்பெடுத்தேன். நீயோ தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து, சீருடைச் சட்டையோடு வந்து மேடை ஏறினாய். "ஐயா பேசுனது எல்லாம் ரொம்ப உண்மைங்க. எனக்குப் பாதி வெளங்கல. அதனால உண்மையாத்தான் இருக்கும்" என்று ஆரம்பித்தாய். அதற்கே மண்டபம் சிரித்தது. பிறகு அம்மாவைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினாய். முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைக்க முந்தானையை எடுத்தார்கள். அடுத்து ஒரு குத்துப்பாட்டு. நடுவர் மேசையில் தாளம் போட்டார். நடுவர்! என்னோடு ஒரே வகுப்பில் இலக்கணம் படித்தவர்!

முதல் பரிசு ஒரு ரைஸ் குக்கர். அதைத் தூக்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்து என் மனைவி மாலாவிடம் கொடுத்தாய். "எங்க வீட்ல ஒண்ணு இருக்கு தங்கச்சி. வாத்தியாரு நல்லாப் பேசுனாரு. ஆறுதல் பரிசு."

அந்தக் குக்கர் கெடவே இல்லை. என் வீட்டில் தொலைக்காட்சி கெட்டது, சலவை இயந்திரம் கெட்டது, எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு கெட்டு என்னைவிட இளையவனுக்குப் போனது. அது மட்டும் ஒவ்வொரு நாளும் 'டக்' என்று பொத்தானை எழுப்பிச் சோறு தயார் என்று சொன்னது. நான் தோற்றதை நாள்தோறும் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன்.

அதையாவது மன்னிக்கலாம். தேநீர்க் கடையை மன்னிக்க முடியாது. வெள்ளிக்கிழமை மாலைகளில் நாம் உட்காரும், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் அன்று ஒரு புது ஆள் நின்றிருந்தான். "தம்பி, சர்க்கரை குறைத்து ஒரு தேநீர் கொடுங்கள்" என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி, "அண்ணே, சாமி என்னமோ கேக்குறாரு" என்று குரல் கொடுத்தான். நீ கையை உயர்த்தி, "தே தாரேக் சத்து, குராங் மானிஸ்" என்றாய். அவன் தலையாட்டிவிட்டு ஓடினான். திரும்பி வந்தபோது எந்த ஊர் என்று கேட்டாய். "ராம்நாடு சார்."

நீ மேசைமேல் விழுந்து சிரித்தாய். பக்கத்து மேசைச் சீனர் ஏதோ வலிப்பு என்று நினைத்து எழுந்து வந்தார். "தமிழ்நாட்டுக்காரனுக்கே மலாய்லதான் வெளங்குது வாத்தியாரே! பாஷைன்னா டீ வரணும்லா. ஒன்னோடதுல டீ வரல."

டீ வந்தது. சர்க்கரை குறையவே இல்லை. அதை நான் சுட்டிக்காட்டியபோது நீ அடுத்த தலைப்புக்குப் போயிருந்தாய்.

எதைப் பற்றியும் என் கருத்து உனக்குத் தெரியும். காருக்குப் பின்னால் கர்ஜிக்கும் புலியும் 'தமிழன்டா'வும் ஒட்டிக்கொண்டு, உள்ளே பிள்ளையிடம் ஆங்கிலத்தில் பேசுகிறவர்களைப் பற்றி நான் ஒரு மாலை முழுக்கப் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒட்டட்டும்லா. வாயில வரலைன்னா காருலயாவது இருக்கட்டுமே. ஒன் காருல என்ன ஒட்டியிருக்க? காக்கா பீ" என்றாய். ஒரு வயதுக் குழந்தையின் பிறந்தநாளுக்கு மண்டபம் எடுத்து மேடையில் ராஜா நாற்காலி போடுகிறார்களே என்றால், "அந்தக் கொழந்தைக்கு ஞாபகம் இருக்காது, சரி. அது கல்யாணத்துக்குள்ள பாட்டன் செத்துட்டா அந்தாளுக்கு இந்த ஒரு கூட்டந்தானே?" என்பாய். படத்தைப் பார்க்கிறவனின் முகத்தைப் பார்ப்பதற்கென்று ஒரு நிகழ்ச்சி இணையத்தில் ஓடுகிறது, அதற்கு லட்சம் பேர் என்றால், "நாம இங்க ஒக்காந்து வேற என்ன பண்றோம்?" என்பாய். உலகத்தில் யார் எந்த அசட்டுத்தனம் செய்தாலும் அவர்களுக்கு வக்காலத்து வாங்க நீ ஒருவன் இருந்தாய். எனக்காக மட்டும் ஒருநாளும் வாங்கியதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கல்யாண விருந்தில் மணமக்கள் மண்டபத்துக்குள் ஆடிக்கொண்டே நுழைகிற வழக்கம் நம் ஊரில் எப்போது புகுந்தது என்று தெரியவில்லை. முதலில் தோழிகள் ஆடினார்கள். பிறகு மணமக்கள். இப்போது பெற்றவர்களும். நேற்றுவரை காலில் வீக்கம் என்று மருத்துவமனைக்கு நடந்த மனிதர், கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, புகை கக்கும் இயந்திரத்துக்கு நடுவே இடுப்பை அசைக்கிறார். இதைக் கண்டித்து நான் எழுதிய கட்டுரை ஞாயிறு பதிப்பில் அரைப்பக்கம் வந்தது. யார் யாரோ வாட்ஸாப்பில் அனுப்பி, கடைசியில் எனக்கே அனுப்பினார்கள். வெட்டி எடுத்து லாமினேட் செய்து வைத்தேன். நீ அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "நல்லா எழுதியிருக்க வாத்தியாரே. ஆடத் தெரியாதுன்னு ஒரே வரில முடிச்சிருக்கலாம்."

அப்புறம்தான் என் வீட்டிலேயே அது வந்து நின்றது. கயல் புக்கிட் செலம்பாவ் ஊர்க்காரன் ஜெரோமைக் கட்டிக்கொள்வதில் எனக்கு மறுப்பு இல்லை. அவர்கள் கத்தோலிக்கக் குடும்பம், நாங்கள் முருகன் கோயில்காரர்கள். அதைப் பெரிதுபடுத்துகிறவன் நான் அல்ல. காலையில் தேவாலயம், மறுவாரம் கோயில் என்று முடிவானபோது, "ரெண்டு எடத்துலயும் சாப்பாடு உண்டா? அப்ப ரெண்டு கடவுளும் சரின்னுட்டாங்க" என்று நீதான் முடித்துவைத்தாய். விருந்து மட்டும் சுங்கைப் பட்டாணி மண்டபத்தில், இரு வீட்டுக்கும் பொதுவாக. அதில் நுழைவு ஆட்டம் உண்டு என்றாள் கயல். நான் கட்டுரையை எடுத்து வந்தேன்.

"படிச்சிருக்கேன்ப்பா. நீங்க ஆட வேணாம். எங்கூட நடந்து வந்தாப் போதும்."

அந்தப் பாட்டுக்கு நடுவே நடந்து வந்தால் நானும் அதற்கு உடன்பட்டதாக ஆகும் என்றேன். நான் உள்ளே மேசையில் உட்கார்ந்திருப்பேன், நீங்கள் ஆடி முடித்து வாருங்கள் என்றேன். அவள் என்னிடம் வாதாடுவதை எப்போதோ நிறுத்திவிட்டாள். என் மகள் என்னோடு சண்டைகூடப் போடாமல் இன்னொரு வீட்டுக்குப் போகப் போகிறாள் என்பது அன்று எனக்கு உறைத்தது. ஆனாலும் கட்டுரை அச்சாகியிருந்ததே.

அந்த வெள்ளிக்கிழமை உன்னிடம் சொன்னேன். நீ டீயை ஆற்றிக்கொண்டே, "புள்ள எங்கிட்டயும் கேட்டுச்சு. நீ வரலைன்னா நான் பக்கத்துல வர்றேன்னு சொல்லிட்டேன்" என்றாய்.

"பெற்ற தகப்பன் நான் இருக்கிறேன்."

"இருப்ப. டேபிள்ல இருப்ப. புள்ளைக்குப் பக்கத்துல எடம் காலியாத்தானே கெடக்கும்? நான் நிக்கிறேன். எனக்கு ஆடவும் வரும்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். "வாத்தியாரே, ரெண்டாவது சுத்து அடுத்த வெள்ளிக்கெழமை!" என்று நீ கத்தியது சாலைவரை கேட்டது. புதன்கிழமை காலை, தொழிற்சாலை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே நீ சரிந்துவிட்டாய் என்று போன் வந்தது. வாதத்தைப் பாதியில் விட்டுப்போவது உன் வழக்கம் இல்லை. என் வழக்கம் அது.

உன் காரியமெல்லாம் முடிந்தபின் உன் மனைவி ஸ்பீக்கரைக் கயலிடம் கொடுத்தனுப்பினாள். "ஒன் டின்னருக்கு மைக் புடிக்கிற எம்சி நாந்தான்னு சொல்லிக்கிட்டே இருந்தாரும்மா. இதையாச்சும் கூட்டிட்டுப் போ."

இனி சனிக்கிழமை. அழைப்பிதழில் விருந்து மாலை ஏழு மணி, மணமக்கள் நுழைவு ஏழரை என்று போட்டிருந்தது. நேரம் தவறாமையைப் பற்றியும் நான் எழுதியிருக்கிறேன். உன் பதில்: "நம்ம ஆளுங்களுக்கு ஏழு மணின்னா குளிக்கப் போற நேரம்." உட்கார்ந்தபடியே அந்த ஆட்டத்தைப் பார்க்கவும் எனக்கு மனம் இல்லை, கயலுக்குப் பக்கத்தில் இருக்கும் காலி இடத்தைப் பார்க்க அதைவிட மனம் இல்லை. ஒரு வழி கண்டுபிடித்தேன். பெண்டாங்கில் இருக்கும் அக்காவை நானே போய் அழைத்து வருகிறேன் என்று கிளம்பினேன். ஏழரைக்கு நுழைவு, எட்டுக்குள் ஆட்டம் முடியும், எட்டரைக்கு மேல் நான் சாதாரணமாக உள்ளே போய் உட்காரலாம்.

மாலா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "போங்க. மெதுவாவே வாங்க."

அக்கா தயாராக இல்லை; நல்லதாகப் போயிற்று. கிளம்பியபின் வயல் நடுவே போகிற சாலையில் ஒரு டிராக்டருக்குப் பின்னால் பக்தியோடு ஊர்ந்தேன். "ஏன்டா தம்பி, காருக்கு ஒடம்பு சரியில்லையா? சைக்கிள்காரன் முந்திட்டுப் போறான்" என்று அக்கா வழிநெடுக முனகிக்கொண்டே வந்தாள். மண்டபத்தை அடைந்தபோது எட்டே முக்கால். கார் நிறுத்துமிடம் பாதி காலி. பட்டுப்புடவைகள் அப்போதுதான் கார்களிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. அங்கேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நம் ஆட்கள் நேரத்துக்கு வரமாட்டார்கள் என்று ஆயுசுபூராவும் திட்டியவன் நான். அன்று அந்த மண்டபத்தில் அழைப்பிதழில் இருந்த நேரத்தை நம்பியவனும் நான் ஒருவன்தான்.

மாடிப்படி ஏறினோம். பெரிய கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னால் ஊர்வலம் முழுக்க வரிசை கட்டி நின்றது. தோழிகள், ஜெரோம், அவன் பெற்றோர், மாலா, கயல்.

"அப்பா! வந்துட்டீங்களா? பாதி டேபிள் இன்னும் காலிப்பா. எம்சி வெயிட் பண்ணச் சொல்லிட்டாரு." பிறகு குரலைத் தாழ்த்தி, "சைட் கதவு தொறந்திருக்கு. நீங்க போய் உக்காந்துக்குங்க. பரவால்ல" என்றாள்.

அந்தப் 'பரவால்ல'தான் என்னைப் போகவிடவில்லை. அவளுடைய இடப்பக்கம் பார்த்தேன். அங்கே நீ நின்றிருந்தாய். அதாவது, உன் ஸ்பீக்கர் நின்றது. கைப்பிடியில் நீ மேடையில் கழுத்தில் கட்டும் மினுமினுக்கிற போ டையை யாரோ கட்டியிருந்தார்கள். வட்ட விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"இது ஏன் இங்கே?"

"மாமா எடம்ப்பா. வர்றேன்னு சொன்னாருல்ல. வேற யாரும் நிக்க வேணாம்னு நாந்தான் வச்சேன். ஜெரோமோட சித்தப்பா இழுத்துக்கிட்டு வருவாரு."

உண்மையைச் சொல்கிறேன். அப்போது எனக்குப் பாசம் பொங்கவில்லை, கண் கலங்கவில்லை. ஆத்திரம்தான் வந்தது. உயிரோடு இருந்தபோது மேடையில் தோற்கடித்தாய், தேநீர்க் கடையில் தோற்கடித்தாய். இப்போது செத்த பிறகும், ஒரு சக்கரப் பெட்டியை அனுப்பி, என் மகளுக்குப் பக்கத்தில் என் இடத்தில் நிற்கிறாய். இதற்கு நான் விட்டுக்கொடுப்பதா?

"சித்தப்பா வேண்டாம். நான் இழுக்கிறேன்" என்றேன்.

கயல் என்னையே பார்த்தாள். "ஆட வேணாம்ப்பா."

"ஆடப் போவதில்லை. இழுக்கப் போகிறேன்."

கதவு திறந்தது. புகை அடித்தது. பாட்டு என் முழங்காலுக்குப் பக்கத்திலேயே வெடித்தது. அந்தப் பெட்டிக்கு அவ்வளவு அதிர்வு உண்டு என்பதை நீ சொன்னதில்லை. கைப்பிடி நடுங்கியது, அதோடு கை நடுங்கியது, அதோடு தோள். நான் நேராகத்தான் நடந்தேன். ஆனால் சிவப்புக் கம்பளம் விரித்தவன் ஒழுங்காக விரிக்கவில்லை. சக்கரம் மடிப்பில் மாட்டிக்கொண்டது. இடப்பக்கம் வெட்டி இழுத்தேன். வரவில்லை. வலப்பக்கம் வெட்டி இழுத்தேன். கொஞ்சம் வந்து மறுபடி மாட்டியது. உடம்பைத் தாழ்த்தி, ஒரு காலை முன்னால் ஊன்றி, இடம், வலம், இடம் என்று இழுத்தேன். பாட்டிலிருந்த அந்தப் பாழாய்ப்போன தவிலும் அதே நேரத்தில்தான் அடித்தது.

மண்டபம் எழுந்து நின்று விசிலடித்தது. தாமதமாக வந்தவர்கள்கூட அதற்குள் வந்து சேர்ந்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் அக்கா, வீட்டில் முழங்கால் வலி என்று மாடிக்கே ஏறாதவள், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். "போடு தம்பி! அப்படிப் போடு!"

கயல் என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சிரித்தாள். ஜெரோமைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. மேடைவரை சிரித்துக்கொண்டே வந்தாள். மேடையில் ஏறும்போது என் காதருகே, "அப்பா, ஒங்க கட்டுரையில நாலாவது பத்தி தப்பு. அப்புறம் பேசிக்கலாம்" என்றாள். பல வருஷத்துக்குப் பிறகு என் மகள் என்னோடு வாதத்துக்கு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கோயில் குழுவின் வாட்ஸாப்பில் காணொளி வந்துவிட்டது. அதன் கீழேயே யாரோ என் கட்டுரையையும் போட்டிருந்தார்கள். ஆசிரியர் ஆடினாரா, இழுத்தாரா என்று இன்றுவரை விவாதம் நடக்கிறது. பெரும்பான்மை ஆடினார் என்கிறது. நான் மூன்று பத்தியில் மறுப்பு எழுதி அனுப்பினேன். அதற்குச் சிரிக்கிற முகங்கள்தான் பதிலாக வந்தன. மாலா காணொளியிலிருந்து ஒரு படத்தை எடுத்து லாமினேட் செய்து, கட்டுரைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். அதில் நான் ஒரு காலை ஊன்றி, வாயைத் திறந்துகொண்டு இருக்கிறேன்.

ஸ்பீக்கரை உன் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். உன் மனைவி வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "ஒங்க வீட்லயே இருக்கட்டும்ணே. இங்க சும்மா நிக்குது. அங்கேன்னா ஒங்களோட சண்டை போட்டுக்கிட்டாவது இருக்கும்."

நான் ஆடவில்லை. இதை உன்னிடம் அழுத்திச் சொல்லவே இவ்வளவும் எழுதினேன். சொல்லிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துச் சற்றுநேரம் காத்திருந்தேன். பழக்கதோஷம். "ஆடுனலா வாத்தியாரே" என்று ஒரு குரல் வரவேண்டும். வரவில்லை. இப்படி ஜெயிப்பதற்கு நான் இத்தனை காலம் உன்னோடு உட்கார்ந்து டீ குடிக்கவில்லை.

கடைசியாக ஒரு செய்தி. கோயில் செயலாளர் நேற்று கூப்பிட்டார். திருவிழாப் பட்டிமன்றத்துக்குத் தலைப்பு வைத்துவிட்டார்களாம்: கல்யாண விருந்தில் ஆட்டம் தேவையா, இல்லையா. என் காணொளியின் உபயம். "ஐயா வழக்கம்போலத் தேவையில்லைன்னு பேசிடுங்க. தேவைன்னு பேசுற பக்கத்துக்குத்தான் ஆள் இல்ல. அண்ணன் இருந்திருந்தா..." என்று இழுத்தார்.

அந்தப் பக்கம் நான் பேசுகிறேன் என்றேன். அவர் இணைப்பு அறுந்துவிட்டதோ என்று மூன்று தடவை ஹலோ சொன்னார்.

என் வாதங்கள் லாமினேட் ஆகிக் கிடக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படித்துக்கொள்ளலாம். உன்னுடையவற்றை நீ எங்கும் எழுதிவைக்கவில்லை. டீ வரணும் என்றது, பாட்டனுக்கு அந்த ஒரு கூட்டம்தான் என்றது, காலி இடத்தில் நான் நிற்கிறேன் என்றது, எல்லாம் ஒன்றுவிடாமல் இருப்பது என் ஒருவன் காதில்தான். பதில் சொல்வதற்காகக் கூர்ந்து கேட்டுக் கேட்டு மனப்பாடமாகிவிட்டன. பாட மட்டும் என்னால் முடியாது. இருமல் மிட்டாய் ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

பரிசாக மறுபடியும் ரைஸ் குக்கர் கொடுத்தால், அதை நேராக உன் வீட்டுக்குக் கொண்டுபோவேன். "அவன் நல்லாப் பேசினான் தங்கச்சி" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வருவேன்.